நிரலையும் பக்க வடிவமைப்பையும் பிரிக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

டிசைனரிடம் கேட்டது சின்ன வேலைதான். ஆர்டர் பக்கத்தில் மொத்தத் தொகை அடியில் கிடக்கிறது, அதை மேலே கொண்டுவந்தால் பார்ப்பவருக்கு வசதி. அவரும் அந்தப் பெட்டிக்குரிய பத்துப் பதினைந்து வரிகளை வெட்டி மேலே ஒட்டினார், பக்கம் அழகாக வந்தது, எல்லோருக்கும் திருப்தி. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, தள்ளுபடி கழியாமலே தொகை காட்டப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மொத்தத்தை ஃபைலின் தொடக்கத்திலேயே குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போட்டுக் கூட்டி வைத்துவிட்டு, தள்ளுபடியை மட்டும் பொருள் பட்டியலை ஒவ்வொன்றாக அச்சிடும் லூப்புக்குள் கழித்திருந்தேன்; பெட்டி லூப்புக்கு மேலே போனதும், கழிப்பதற்கு முன்பே தொகை அச்சாகிவிட்டது. டிசைனர் மேல் தப்பே இல்லை. எழுதியவன் நான்.

கண் பக்கத்தைப் பார்க்கிற வரிசை ஒன்று, கணக்கு நடக்கிற வரிசை வேறொன்று. இரண்டையும் ஒரே ஃபைலில் பிசைந்து வைத்தால் ஒன்றை நகர்த்தும்போது மற்றதும் நகரும். 'நிரலைத் தனியாக வை, டிசைனைத் தனியாக வை' என்று எல்லோரும் சொல்வது பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும் என்பதற்காக இல்லை, இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறுகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

சர்வரில் ஓடிப் பக்கத்தை உருவாக்கும் மொழியான பிஎச்பியில் எழுதத் தொடங்கிய எவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கிற பிழை, 'ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்பது. லாகின் செய்யாதவரை வேறு பக்கத்துக்கு அனுப்பும் வரியை எச்டிஎம்எல் தொடங்கிய பிறகு எழுதியிருப்போம். பிரவுசருக்குப் பக்கம் போகத் தொடங்கிய பின் 'வேறு இடத்துக்குப் போ' என்று சொல்ல முடியாது, அந்தச் செய்தி பக்கத்துக்கு முன்னால் போகவேண்டியது. பலர் இதற்கு, வெளியீட்டை அனுப்பாமல் தேக்கிவைக்கும் அவுட்புட் பஃபரை முடுக்கிவிட்டுப் பிழைச் செய்தியை அடக்கிவிடுகிறார்கள். நோய் அப்படியே இருக்கிறது, காய்ச்சல் மட்டும் தெரியாது. இதே குழப்பத்தின் இன்னொரு முகம், கேட்ட பொருள் டேட்டாபேஸில் இல்லை என்பது பக்கத்தின் நடுவில்தான் தெரியவரும். அதற்குள் 'எல்லாம் சரி' என்னும் 200 நிலைக்குறி போய்விட்டிருக்கும், எனவே 'இங்கே எதுவும் இல்லை' என்னும் 404ஐச் சொல்ல வழியில்லாமல் 'பொருள் இல்லை' என்கிற வெற்றுப் பக்கத்தைத் தேடுபொறிகள் நல்ல பக்கம் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். முடிவுகள் எல்லாம் முதலில், அச்சிடுவது அப்புறம். இதற்கு ஃபிரேம்வொர்க் (ஆயத்த நிரல் சட்டகம்) எதுவும் வேண்டாம், ஒரே ஃபைலின் மேல்பாதியில் கணக்கையும் கீழ்ப்பாதியில் எச்டிஎம்எல்லையும் வைத்தாலே போதும். ஐந்து பக்கத் தளத்துக்கு நான் இன்றும் இதைத்தான் செய்வேன்.

ஃபைலைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்தது. பக்கத்தின் தலைப்பகுதிக்கு ஒரு ஃபைல், அடிப்பகுதிக்கு ஒரு ஃபைல், முதலாவதில் திறக்கிற டேக்கை இரண்டாவதில் மூடுவது. பார்க்கப் பிரிந்ததுபோல இருக்கும், ஆனால் ஒன்றில் ஒரு டிவ்வை எடுத்தால் எல்லாப் பக்கமும் சாயும். டெம்ப்ளேட் (பக்கத்தின் அச்சு) ஒன்றில் தகவலை நிரப்பித் தரும் டெம்ப்ளேட் எஞ்சினைக் கொண்டுவந்து போட்டாலும் இதே கதைதான், உள்ளே போய்ப் பார்த்தால் பழைய நிரலே புதிய அடைப்புக்குறிகளோடு உட்கார்ந்திருக்கும். பிஎச்பியே, ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்டபோது, எச்டிஎம்எல்லுக்குள் சின்னச் சின்னத் துணுக்குகளைச் செருகும் கருவியாகத்தான் வந்தது. டெம்ப்ளேட் மொழி ஒன்றின் மேல் இன்னொரு டெம்ப்ளேட் மொழியை ஏற்றுவதற்கு நல்ல காரணம் ஒன்றாவது கையில் இருக்கவேண்டும். காரணம் இருக்கவும் செய்கிறது, பின்னால் சொல்கிறேன்.

டெம்ப்ளேட்டுக்குள் குவெரி எழுதக்கூடாது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் எழுதிவிடுவதுதான் சிக்கல். 50 கட்டுரைகளைப் பட்டியலிடும் லூப்பில் ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயரையும் காட்டுகிறீர்கள், டெம்ப்ளேட்டில் இருப்பது 'கட்டுரை, ஆசிரியர், பெயர்' என்று புள்ளி வைத்த ஒரு அப்பாவி வரி. ஆனால் பின்னால், குவெரிகளை நமக்காக எழுதிக்கொள்ளும் ஓஆர்எம் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்கு ஓடுகிறது, பட்டியலுக்கு 1, ஆசிரியர்களுக்கு 50, ஆக 51 குவெரி. உங்கள் கணினியில் பத்துக் கட்டுரை வைத்துச் சோதித்தபோது எதுவும் தெரிந்திருக்காது. பக்கத்துக்கு வேண்டிய தகவல் முழுவதையும், ஆசிரியர் பெயர்கள் உட்பட, டெம்ப்ளேட்டைக் கூப்பிடும் முன்பே திரட்டிவிடுங்கள். டெம்ப்ளேட் ஓடும்போது டேட்டாபேஸ் இணைப்பை மூடிவிட்டால் பக்கம் வருமா என்று கேட்டுப் பாருங்கள், வராது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

சரி, இதற்கு நேர் எதிரான தவறு. டெம்ப்ளேட்டில் எந்த 'இஃப்' நிபந்தனையும் இருக்கக்கூடாது என்று சிலர் விரதம் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் அந்தத் தர்க்கம் எல்லாம் நிரலுக்குள் போய், ஃபங்ஷன்கள் தடித்த எழுத்து டேக்கோடு வாக்கியத்தைத் திருப்பி அனுப்பத் தொடங்கும், 'நிறம்: சிவப்பு' என்று டேட்டாவோடு சேர்த்து அனுப்பும். இனி சிவப்பை ஆரஞ்சாக்கவும் புரோகிராமர்தான் வரவேண்டும். ஸ்ட்ரிங்டெம்ப்ளேட் என்ற எஞ்சினை உருவாக்கிய டெரன்ஸ் பார் 2004இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் டெம்ப்ளேட்டுக்கு வகுத்த கட்டுப்பாடுகளில் இதுவும் ஒன்று, டேட்டாவுக்குள் தோற்றத்தைப் பற்றிய தகவல் இருக்கக்கூடாது. அவர் இன்னொரு விஷயத்தில் கடுமையாகவே இருந்தார், டெம்ப்ளேட்டில் மதிப்புகளை ஒப்பிடவே கூடாது என்றார், ஒரு தகவல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம். 2009இல் வந்த மஸ்டாஷ் என்ற டெம்ப்ளேட் எஞ்சினும் ஏறக்குறைய இந்த வழிதான். எனக்கு அவ்வளவு கறார் தேவைப்படவில்லை. ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு நிறம் மாற்றுவது, பட்டியல் காலியானால் வேறு வாசகம் காட்டுவது, தேதியை எந்த வடிவில் எழுதுவது, இவையெல்லாம் தோற்றம்தான், டெம்ப்ளேட்டிலேயே இருக்கட்டும்.

எது இருக்கக்கூடாது என்றால், விதி. 'பயனர் நிர்வாகி என்றாலோ, பதிவு அவருடையதாக இருந்து இன்னும் பூட்டப்படவில்லை என்றாலோ திருத்து பட்டனைக் காட்டு' என்று டெம்ப்ளேட்டில் எழுதினால், அந்த வரி பட்டியல் பக்கத்தில் ஒரு முறை, தனிப் பக்கத்தில் ஒரு முறை, மொபைல் பக்கத்தில் ஒரு முறை எழுதப்படும், ஆறு மாதம் கழித்து விதி மாறும்போது இரண்டு இடத்தில் மட்டும் மாறும். 'திருத்தலாமா' என்று ஒரே ஃபங்ஷன் சொல்லட்டும், டெம்ப்ளேட் அதன் பதிலை மட்டும் பார்க்கட்டும். இதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. விதி டெம்ப்ளேட்டில் மட்டுமே இருந்தால் பட்டன் மறையும், ஆனால் திருத்தும் முகவரியைத் தெரிந்தவர் நேரே போய்த் திருத்திவிடலாம். பட்டனை மறைப்பது காவல் இல்லை. கோரிக்கையைக் கையாளும் இடத்திலும் அதே ஃபங்ஷனைக் கேட்கவேண்டும்.

இப்போது, டெம்ப்ளேட் எஞ்சின் வைத்துக்கொள்வதற்குப் பின்னால் சொல்கிறேன் என்ற அந்தக் காரணம். பயனர் எழுதிய கருத்தில் ஸ்கிரிப்ட் டேக் இருந்து, நீங்கள் அதை அப்படியே அச்சிட்டால், அது அடுத்தவர் பிரவுசரில் ஓடும். எச்டிஎம்எல் குறிகளை முடக்கும் எஸ்கேப் வேலையை எங்கே செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சேமிக்கும்போதே செய்துவிட்டால் நல்லது என்று தோன்றும், செய்யாதீர்கள். நாளைக்கு அதே தகவலைச் சாதாரண மின்னஞ்சலிலோ மொபைல் செயலியிலோ காட்டும்போது '&' வரவேண்டிய இடத்தில் '&' என்று குப்பையாக வரும், இரண்டு முறை எஸ்கேப் ஆனால் இன்னும் மோசம். அச்சிடும் இடத்தில்தான் செய்யவேண்டும், ஏனென்றால் அது எச்டிஎம்எல்லாகப் போகிறதா வேறெதுவாகவா என்பது அங்கேதான் தெரியும். ஒவ்வொரு வரியிலும் நினைவாக எழுதுவது மனிதரால் ஆகாத காரியம், எங்கோ ஒன்று விடுபடும். பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ 2008இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து இதைத் தானாகவே செய்கிறது, டிவிக், பிளேடு போன்ற பிஎச்பி எஞ்சின்களும் செய்கின்றன, வெறும் பிஎச்பி செய்யாது. எஞ்சின் வைத்துக்கொள்ள எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனால் பக்கத்தில் டேக்குகள் அசிங்கமாகத் தெரிகிறதே என்று கண்ட இடத்தில் 'இது பாதுகாப்பானது' என்று குறி போட்டு எஸ்கேப்பை அணைத்தால் எஞ்சினும் வீண். ஜாவாஸ்கிரிப்டுக்குள் மதிப்பை வைக்கும்போது எச்டிஎம்எல் எஸ்கேப் உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே ஜாவாஸ்கிரிப்டுக்குப் புரியும் தகவல் வடிவமான ஜேசனாக மாற்றித்தான் தரவேண்டும். பயனர் தந்த வாசகத்தை டெம்ப்ளேட்டின் பகுதியாகவே ஒட்டி ஓட்டுவதோ, வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பது மாதிரி, சர்வரிலேயே நிரலை ஓட்ட வழி திறக்கக்கூடும்.

பிரவுசர் பக்கத்திலும் இதே முடிச்சு உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு பட்டனை, தோற்றத்துக்காக வைத்த சிஎஸ்எஸ் கிளாஸ் பெயரை வைத்துப் பிடிக்கிறது, டிசைனர் 'பச்சைப் பட்டன்' என்ற பெயரை 'முதன்மைப் பட்டன்' என்று மாற்றுகிறார், பட்டன் செத்துவிடுகிறது. ஸ்கிரிப்டுக்கு என்று டேக்கில் தனி அடையாளமாக ஒரு டேட்டா ஆட்ரிபியூட் வைத்துவிட்டால் இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வேலை செய்யலாம். பக்கத்தைத் துண்டு துண்டாக (கம்போனென்ட்) கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் எல்லாவற்றையும் மறுபடி ஒரே ஃபைலில் கலந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு, அங்கேயும் விலைக் கணக்கை பட்டன் வரையும் கம்போனென்டுக்குள் வைத்தால் இதே அடிதான் விழும்.

வேர்ட்பிரஸ் தளம் என்றால், கட்டுரை வகைகளை (கஸ்டம் போஸ்ட் டைப்) உருவாக்கும் நிரலை, தோற்றத்தைத் தரும் தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் போடாதீர்கள். தீம் மாறிய அன்று அந்தப் பகுதியே மெனுவிலிருந்து காணாமல் போகும், டேட்டாபேஸில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்குச் சின்னதாக ஒரு பிளகின் (தளத்தோடு தனியாகச் சேரும் நிரல்) எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய தளத்தை ஒரே மூச்சில் பிரித்து எழுத உட்காராதீர்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன், பாதியில் எழுந்தும் இருக்கிறேன். ஒரு பக்கத்தை எடுத்து, அது இப்போது வெளியிடும் எச்டிஎம்எல்லை அப்படியே சேமித்து வையுங்கள். கணக்கு வரிகளை மேலே நகர்த்துங்கள், டிசைனில் கை வைக்காதீர்கள், அசிங்கமான டேபிள் இருந்தாலும் இருக்கட்டும். பிறகு புதிதாக வெளிவருவதைச் சேமித்ததோடு டிஃப் போட்டு (வரிக்கு வரி ஒப்பிட்டு)ப் பாருங்கள். ஒரு வரிகூட மாறவில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.