டிடிஎஸ் மீட்டரைப் பையிலேயே வையுங்கள்: குழந்தைகளுக்குத் தண்ணீர்ப் பாடம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் கோவையில் ஓர் ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கல்லூரி மாணவர்கள் நீர்நிலைகளைப் பற்றி வகுப்பெடுத்தார்கள். நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்கள். பத்தாவது நிமிடத்தில் ஒருவர் பையிலிருந்து பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) எடுத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் வகுப்பெடுக்க ஆரம்பித்த புதிதில் இதே மீட்டரை இப்படித்தான் எடுத்தேன்.

வகுப்பு முடிந்ததும் டீக்கடையில் அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கை கழுவச் சொல்வது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சாக்கடை என்று ஒத்துக்கொள்வது

"உங்க வீட்டுப் பக்கத்துல ஓடுற தண்ணி எது?" என்று பிள்ளைகளிடம் கேட்டால், "சாக்கடைங்க சார்" என்பார்கள். அவர்கள் சொல்வது சங்கனூர் பள்ளத்தை. முன்பெல்லாம் நானும் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். கொங்குப் பக்கம் பள்ளம் என்றால் ஓடை, மழைத்தண்ணி வரும் வழி. இந்தச் சொல் பிடிபடாத பிள்ளையிடம் போய் "நீர்நிலையைக் காப்போம்" என்றால், சாக்கடையை எதற்குக் காக்க வேண்டும் என்றுதான் பார்க்கும். இப்போது ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன்: தாத்தா பாட்டியிடம் போய், சின்ன வயதில் பள்ளத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டு வரச் சொல்கிறேன். குளித்தது, மீன் பிடித்தது, அடி வாங்கியது என்று கதைகளோடு வருவார்கள். மறுநாள் வகுப்பு தானாக நடக்கும்.

மீட்டரை நீதிபதி ஆக்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, முக்கால்வாசி என்மேல்தான்.

கோவைக் குழந்தைகளுக்குத் தண்ணீர் இரண்டே வகை. சிறுவாணி மாதிரி குழாயில் வருவது நல்ல தண்ணி, போர் தண்ணி உப்புத் தண்ணி. வீட்டிலேயே இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் இருக்கும். அந்த மனக்கணக்கோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முன்னால் நான் மூன்று டம்ளர் வைத்தேன். குடிநீர்க் குழாய்த் தண்ணி, பள்ளியின் போர் தண்ணி, முந்தின வாரம் பெய்த மழையில் நிரம்பியிருந்த பக்கத்துக் குட்டைத் தண்ணி. மீட்டரில் போர் தண்ணி 1,100-ஐத் தாண்டியது. குட்டைத் தண்ணி 140. "இந்திய தரநிலைப்படி 500-க்குள்ள இருக்கணும்" என்று நான் வேறு கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்.

பிள்ளைகள் சரியாகத்தான் கணக்குப் போட்டார்கள். 140 என்றால் நல்ல தண்ணி. மதியம் ஒரு பையன் குட்டையில் பாட்டிலை நிரப்பிக் குடித்தான், கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் கொடுத்தான். அந்தக் குட்டையில் மாடு இறங்கும். சுற்றியுள்ள வெட்டவெளியில் ஆட்களும் ஒதுங்குவார்கள். மூன்று பேருக்கும் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. நல்லவேளை, அதோடு போயிற்று. அவனுடைய அம்மா தலைமையாசிரியர் அறையில் என்னைப் பார்த்து, "நீங்கதானே நம்பர் காட்டுனீங்க?" என்று கேட்டார். வாயைத் திறக்க முடியவில்லை. அதன்பிறகு இரண்டு வருடம் அந்தப் பள்ளியில் என்னை உள்ளே விடவில்லை.

அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து கரைந்த உப்புகளின் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். கிருமி, பூச்சிமருந்து எதுவும் அதற்குத் தெரியாது. புது மழைத்தண்ணியில் உப்பு குறைவு, அதனால் எண்ணும் குறைவு. 500 என்ற வரம்பும் உப்புக்கு மட்டும்தான். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் அதே தரநிலை 2,000 வரை அனுமதிக்கிறது என்பதை நான் அன்றைக்குச் சொல்லவே இல்லை.

மீட்டரைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் இப்படிக் காட்டுங்கள். இரண்டு டம்ளரில் ஆர்.ஓ. தண்ணி எடுங்கள். ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பு, இன்னொன்றில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குங்கள். உப்பு டம்ளரில் எண் சரசரவென்று ஏறும். சர்க்கரை டம்ளரில் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். சர்க்கரை கரைந்திருக்கிறது என்பது வகுப்பு முழுக்கத் தெரியும், மீட்டருக்கு மட்டும் தெரியாது. "அப்போ இது வேற எதையெல்லாம் பார்க்காது?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அதுவரை காத்திருங்கள்.

அப்புறம், தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியை எடுங்கள். தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணி ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். குட்டைத் தண்ணிக் குப்பி மறுநாளே மை மாதிரி ஆகிவிடும். குப்பியைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. கொட்டுவதற்கு முன் நீங்களே பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிவிடுங்கள்.

வில்லனைக் காட்டுவது

திருப்பூரில் ஒரு நான்காம் வகுப்பில் நொய்யல் ஆற்றைப் பற்றி உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியது, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சிறுமி எழுந்து, "எங்கப்பா சாயப்பட்டறைலதான் வேலை பாக்குறாரு. நீங்க போட்டிருக்க பனியன் எங்க செஞ்சது சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இப்போது பாடத்தை அந்தப் பனியனிலிருந்தே தொடங்குகிறேன்.

துப்புரவு முகாமையே பாடம் என்று நினைப்பது

பேனர், கையுறை, போட்டோ, பத்து மூட்டைக் குப்பை. அடுத்த வாரம் அதே இடத்தில் அதே குப்பை. ஒரு முறை எங்கள் பிள்ளைகள் பிளாஸ்டிக்கோடு குளக்கரைச் சம்பையும் கோரையையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அந்தப் புதருக்குள் நாமக்கோழி கூடு கட்டியிருந்தது. குப்பை பொறுக்குவதற்கு முன், அது எந்தத் தெருவிலிருந்து எந்த வாய்க்கால் வழியாக வந்தது என்று நடந்து போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெர்மாகோல் மாடல்

வேண்டாம். அதுவும் கடைசியில் பள்ளத்துக்குத்தான் வரும்.

ஓவியப் போட்டி

நடத்துங்கள், தவறில்லை. ஆனால் பழுப்புத் தண்ணியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையும் ஆற்றை நீலத்தில்தான் வரையும். கிரயான் பெட்டியைக் கொடுக்கும்போது நீலத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.