ஸ்னோமொபைலின் பின் ஷாக்கைக் கழற்றி மாட்டுவது: முதலில் பாரத்தை இறக்குங்கள்

பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலின் பின் சஸ்பென்ஷன் ஷாக்கை, அதாவது அதிர்வுதாங்கியைப் பிடித்திருப்பவை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டே போல்ட்கள். அவற்றைக் கழற்றச் சில நிமிடங்கள் போதும். மீதி நேரமெல்லாம் அவற்றை எட்டுவதற்கும், எட்டியதைப் பழையபடி மூடுவதற்கும்தான் செலவாகிறது. இந்த வேலையில் நான் விடாமல் பிடித்திருக்கும் விதி ஒன்று உண்டு: நட்டைக் கழற்றிய பிறகும் போல்ட் கையால் இழுத்து வரவில்லை என்றால், அதன் மேல் ஏதோ பாரம் உட்கார்ந்திருக்கிறது. சுத்தியலை எடுக்காதீர்கள். பாரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

ட்ராக்குக்கு, அதாவது வண்டியை நகர்த்தும் சுழல் பட்டைக்கு, உள்ளே இருக்கும் சஸ்பென்ஷன் சட்டகம் முழுவதையும் ஸ்கிட் என்பார்கள். இரண்டு நீளமான சட்டங்கள், அவற்றை வண்டியோடு இணைக்கும் முன் கை, பின் கை, சக்கரங்கள், இரண்டு ஷாக்குகள், எல்லாம் அதில் அடக்கம். சில மாடல்களில் ஸ்கிட்டை இறக்காமலேயே பின் ஷாக்கை உருவிவிடலாம். நான் பெரும்பாலும் ஸ்கிட்டை வெளியே எடுத்துவிடுவேன். ட்ராக்கின் இடைவெளிகளுக்குள் கையை நுழைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டோடு மல்லாடுவதைவிட அது வேகமான வழி. தேய்ந்த மற்ற பாகங்களும் அப்போதுதான் கண்ணில் படும்.

வண்டியின் பின்பகுதியை உறுதியான ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள். ட்ராக் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். பின் அச்சின் போல்ட்டைத் தளர்த்தி, இருபுறத்து ட்ராக் இறுக்கும் திருகுகளையும் ஒரே அளவு தளர்த்துங்கள். எத்தனை சுற்று என்று குறித்துக்கொண்டால் பிறகு கை கொடுக்கும்.

அடுத்தது ஸ்பிரிங். உங்கள் வண்டியில் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே சுற்றியிருந்தால் அதைத் தொட வேண்டாம்; ஷாக்கோடு சேர்ந்தே வந்துவிடும். அமுக்கும் கருவி இல்லாமல் அதைப் பிரிக்கவும் கூடாது. பின் கையைச் சுற்றி இருபுறமும் முறுக்கு ஸ்பிரிங் இருக்கும் வண்டிகளில்தான் கவனம் தேவை. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியை ஆக மென்மையான நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஸ்பிரிங்கின் நீண்ட காலில் ஒரு குழாயைச் செருகி, நெம்பி, அது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து விடுவியுங்கள். அந்தக் கால் பாயக்கூடிய பாதையில் முகமோ விரலோ இருக்கக் கூடாது. இடது ஸ்பிரிங்கும் வலது ஸ்பிரிங்கும் ஒன்றல்ல; கழற்றும்போதே அடையாளம் இடுங்கள்.

இனி ஸ்கிட்டை வண்டியோடு பிணைக்கும் நான்கு போல்ட்கள், பக்கத்துக்கு இரண்டு. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பல மாடல்களில் எதிரெதிரான இரண்டு போல்ட்களும் ஒரே குறுக்குத் தண்டின் இரு முனைகளில் இறங்குகின்றன. ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு மறுபக்கம் போனால், போல்ட்டோடு சேர்ந்து தண்டும் சுழலும். நாள் முழுக்கத் திருகினாலும் வெளியே வராது. அதனால் நான்கும் இறுக்கமாக இருக்கும்போதே ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும் இளக்குங்கள். முரண்டு பிடிக்கும் பக்கத்தை முதலில் வெளியே எடுங்கள். ஏற்கெனவே தண்டு சுழலத் தொடங்கிவிட்டதா? கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போட்டு நன்றாக இறுக்குங்கள். அந்தப் பக்கத்தை ஒருவர் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை இம்பாக்ட் ரெஞ்சால் தட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே விட்டு ஊறவைப்பது இதைவிட மேல்.

இளக்கியபின் ஸ்டாண்டின் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏதோ ஓர் உயரத்தில் போல்ட் விரலுக்கே வந்துவிடும். பின் கையின் போல்ட்களை முதலிலும் முன் கையின் போல்ட்களை அடுத்தும் எடுப்பது என் வழக்கம். பிறகு தரையில் அட்டையை விரித்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு வண்டியைப் பக்கவாட்டில் சாயுங்கள். பெட்ரோல் டேங்க் நிறைந்திருந்தால் சாய்க்காதீர்கள். எண்ணெயும் பாட்டரியும் கசிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்ராக்கை விரித்துப் பிடித்தால் ஸ்கிட் வெளியே வந்துவிடும்.

ஷாக்கைத் தொடுவதற்கு முன் இருபுறமும் புகைப்படம் எடுங்கள். போல்ட்டின் தலை எந்தப் பக்கம், எந்த வாஷர் எங்கே, ஷாக்கின் எந்த முனை மேலே, ஷாக்கோடு இணைந்த தனிக் குப்பி இருந்தால் அதன் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். போல்ட்டைத் தலைமாற்றிப் போட்டால், நீட்டிக்கொண்டிருக்கும் முனை சஸ்பென்ஷன் அமுங்கும்போது வேறு பாகத்தில் உரச வாய்ப்புண்டு. பின் கையை லேசாகத் தூக்கிப் பிடித்து, பாரம் விலகும் புள்ளியில் கீழ் போல்ட்டையும் மேல் போல்ட்டையும் உருவுங்கள். ஷாக்கின் முனையில் போல்ட் நுழையும் உறையான புஷ்ஷுக்குள் போல்ட் துருவேறிப் பிடித்திருந்தாலும் தீ காட்டாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது.

கழற்றிய ஷாக்கைத் துடைத்துவிட்டு, அதன் தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் குழி இருந்தால் சீல் நீடிக்காது. சீலைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா? ஸ்பிரிங் இல்லாத நைட்ரஜன் ஷாக்காக இருந்தால் தண்டைக் கையால் அமுக்குங்கள். அது சீராக எதிர்த்துக்கொண்டு உள்ளே போய், விட்டதும் மெதுவாகத் தானே வெளியே வர வேண்டும். உள்ளேயே தங்கினால் வாயு போய்விட்டது. நடுவில் ஓரிடத்தில் எதிர்ப்பே இல்லாமல் நழுவினால் எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது. இரண்டுமே ஷாக்கைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவரின் வேலை. நைட்ரஜன் நிரப்பும் கருவி இல்லாமல் வீட்டில் திறந்து பார்ப்பது வீண் ஆபத்து.

ஸ்கிட் வெளியே இருக்கும்போதே ஸ்லைடர்களின், அதாவது சட்டங்களின் அடியில் ட்ராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டைகளின், தேய்மானக் கோட்டைப் பாருங்கள். சக்கரங்களைச் சுழற்றிப் பேரிங்கின் சத்தத்தைக் கேளுங்கள். போல்ட் துளைகளைச் சுற்றியும் கைகளின் வெல்டிங்கிலும் விரிசல் இருக்கிறதா, முன் கை விரியும் அளவைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் வார் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸ் முனைகளில் புதிய கிரீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள். குளிருக்கேற்ற கிரீஸாக இருக்கட்டும். சாதாரண வகை உறைபனியில் கெட்டித்துவிடும்.

ஷாக்கைத் திரும்ப மாட்டும்போது புஷ்ஷின் உள்குழாயில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள், மரையில் வேண்டாம். நைலான் வளையமுள்ள லாக் நட்டுகளைப் புதிதாகப் போடுங்கள், விலை அற்பம். இறுக்கும் அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது.

ஸ்கிட்டை உள்ளே ஏற்றுவதற்கு ராட்செட் பட்டை ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதைக் கொண்டு கைகளைச் சட்டங்களை நோக்கி அமுக்கிக் கட்டி, ட்ராக்குக்குள் நுழைத்து, முன் கையை முதலில் பொருத்துங்கள். பிறகு வண்டியை நிமிர்த்தி, பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியபடி பின் கையின் துளைகளைச் சேருங்கள். துளை ஒத்து வரவில்லை என்றால் மீண்டும் உயரத்தை மாற்றுங்கள். நான்கு போல்ட்களும் விரலாலேயே சில மரைகள் ஏறிய பிறகுதான் எதையும் இறுக்க வேண்டும். தண்டுக்குள் மரை கெட்டுப்போனால் தண்டையே மாற்ற நேரிடும். கையேடு கேட்டால் நடுத்தர வலிமையுள்ள நீல நிற மரைப் பசையைப் பயன்படுத்துங்கள். கடைசியில் முறுக்கு ஸ்பிரிங்குகளை இருபுறமும் ஒரே நிலையில் மாட்டுங்கள்.

குறித்துவைத்த சுற்றுக் கணக்கில் ட்ராக் திருகுகளைத் திரும்ப இறுக்கினால் ட்ராக்கின் இறுக்கம் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் அளந்தே ஆக வேண்டும். ட்ராக்கின் கீழ்ப்பகுதியில் எடையைத் தொங்கவிட்டு, ஸ்லைடருக்கும் ட்ராக்குக்கும் உள்ள இடைவெளியை அளப்பார்கள். ஒரு நிறுவனம் 4.5 கிலோ என்று சொல்லும், இன்னொன்று 7 கிலோவுக்கு மேல் கேட்கும். தொங்கவிடும் இடமும் இடைவெளியும் வேறுபடும். அடுத்து, தூக்கிய நிலையில் எஞ்சினை ஓட்டி ட்ராக்கை மெதுவாக மட்டும் சுழலவிடுங்கள். பின்னால் யாரும் நிற்கக் கூடாது; ஒட்டியிருக்கும் கல்லோ பனிக்கட்டியோ தெறித்தால் காயம் நிச்சயம். நீண்ட நேரமும் ஓட்டாதீர்கள், பனியின் ஈரமில்லாமல் ஸ்லைடர் சூடேறித் தேயும். எஞ்சினை நிறுத்திய பிறகு, சட்டத்துக்கும் ட்ராக்கின் வழிகாட்டிப் பற்களுக்கும் நடுவே இருபுறமும் இடைவெளி சமமா என்று பாருங்கள். எந்தப் பக்கம் நெருங்கியிருக்கிறதோ அந்தப் பக்கத் திருகைச் சிறிது இறுக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். சரியானதும் பின் அச்சின் போல்ட்டை இறுக்குங்கள். இதை மறப்பவர்கள் அதிகம்.

முதல் சிறிய ஓட்டம் முடிந்து வந்ததும் ஸ்கிட்டின் நான்கு போல்ட்கள், ஷாக்கின் இரண்டு, பின் அச்சு ஆகியவற்றில் டார்க் ரெஞ்சை மறுபடி வைத்துப் பாருங்கள். ட்ராக்கின் தொய்வையும் இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.