காக்காவுக்குக் கை எங்கே? பறவையின் உறுப்புகளைச் சிறு குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் முறை

நாலு முதல் ஆறு வயதுக் குழந்தையிடம் பறவைப் படத்தைக் காட்டி, 'இது அலகு, இது இறக்கை, இது வால்' என்று ஒப்பிக்க வைத்தால் அரை மணி நேரத்தில் எல்லாப் பெயரும் வந்துவிடும். அது எதற்கு என்று கேட்டால்தான் விழிக்கும். அதனால் பெயரைக் கடைசியில் வையுங்கள். உறுப்பின் வேலையைக் குழந்தை முதலில் செய்து பார்க்கட்டும்.

ஒரு தட்டில் வாழைப்பழத் துண்டுகளை வையுங்கள். குழந்தை இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வாயாலேயே எடுத்துச் சாப்பிட வேண்டும். முகமெல்லாம் பூசிக்கொள்ளும், பரவாயில்லை. முடிந்ததும் கேளுங்கள்: "காக்காவுக்குக் கை எங்கே?" இறக்கைதான் அதன் கை. நம்மைப் போலவே தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் அதில் உண்டு. கைகள் பறக்கப் போய்விட்டதால் எடுப்பது, உடைப்பது, கூடு கட்டுவது, இறகு கோதுவது என்று அத்தனை வேலையும் அலகின் தலையில் விழுந்திருக்கிறது. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றவை தானாகத் தொடரும்.

மறுநாள் அலகு விளையாட்டு. நான்கு குழந்தைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். முறை வருமுன் சலித்துவிடும். நான்கு 'இரை' தேவை: தட்டில் 20 பூசணி விதை, உயரமான டம்ளரில் முக்கால் பங்கு ரவை போட்டு அதற்குள் புதைத்த 5 ரப்பர் பேண்டு, அகலமான பாத்திரத் தண்ணீரில் மிதக்கும் கிள்ளிய மல்லித்தழை, வாய் குறுகிய பாட்டிலில் பானகம். நான்கு 'அலகு': துணி கிளிப், நீளமான சப்பாத்தி இடுக்கி, டீ வடிகட்டி, உறிஞ்சுகுழல் (ஆளுக்கு ஒன்று புதிதாக). விடையை நீங்கள் சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொரு அலகாலும் ஒவ்வொரு இரையையும் ஒரு நிமிடம் முயலட்டும். கிளிப் விதையை எடுக்கும், டம்ளரின் அடிக்கு எட்டாது. அந்தத் தோல்வியில்தான் பாடம் இருக்கிறது. அதன் பிறகு படங்களைக் காட்டுங்கள்: சிட்டுக்குருவி, சேற்றைத் துழாவும் அரிவாள்மூக்கன், தண்ணீரை வடித்து இரையை நிறுத்திக்கொள்ளும் வாத்து, தேன்சிட்டு. விதையும் ரப்பர் பேண்டும் வாய்க்கோ மூக்குக்கோ போய்விடும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் ரவைக்கு அருகில் இருந்தால் ஐந்தே நிமிடத்தில் இரண்டும் கூழாகிவிடும். அதைத் தனியாகத் தரையில் வையுங்கள்.

அலகைப் பெரும்பாலான குழந்தைகள் 'மூக்கு' என்றே சொல்லும். ஊர்வழக்கே அப்படித்தான், திட்ட வேண்டாம். "அப்படியானால் மூச்சு விடும் ஓட்டை எங்கே?" என்று கோழியைப் பார்க்கச் சொல்லுங்கள். அலகின் அடிப்பகுதியில் இரண்டு சிறு துளைகள் தெரியும். அலகு, மூக்குத்துளை என்ற இரு சொற்களும் அங்கே பிரிந்துவிடும். இறகு, இறக்கை குழப்பத்தையும் இப்படியே தீர்க்கலாம்: கீழே உதிர்ந்து கிடப்பது இறகு, விரித்துப் பறப்பது இறக்கை.

இறகுக்கு வீட்டுக் கோழியின் இறக்கை இறகே போதும். செத்த பறவையின் அருகே கிடப்பதை எடுக்காதீர்கள். சோப்பு நீரில் கழுவி, நன்றாக அலசி, ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள்; தொட்டு முடித்ததும் கை கழுவ வேண்டும். நுனியிலிருந்து அடி நோக்கித் தடவினால் இறகு பிரியும், அடியிலிருந்து நுனி நோக்கித் தடவினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய கொக்கிகள் ஒன்றையொன்று பற்றுவதுதான் காரணம். பள்ளிச் செருப்பின் ஒட்டுப்பட்டையை அருகில் வைத்துப் பிரித்துக் காட்டினால் சொல்லவே தேவையில்லை. பறவை நாள்தோறும் கோதுவது ஏன் என்பதும் அப்போது புரியும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், உருண்டு ஓடும். ஓடாமல் ஊறினால் சோப்பு மிச்சமிருக்கிறது, இன்னொரு முறை அலசுங்கள்.

காலில்தான் பெரியவர்களே தவறுகிறோம். கொக்கின் காலில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. குழந்தையைக் குதிகால் தூக்கி விரல்களில் நின்று, முழங்காலை லேசாக மடக்கச் சொல்லுங்கள். கொக்கு நிற்பது அப்படித்தான். வாத்தின் காலுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்: விரல்களை விரித்துத் தண்ணீரைத் தள்ளட்டும், அடுத்து கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தள்ளட்டும். வேறுபாட்டைக் கையே சொல்லிவிடும்.

இவ்வளவையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். நாளுக்கு ஓர் உறுப்பு, 15 நிமிடம்; அலகு விளையாட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடும். ஒவ்வொரு நாளும் முடிவில் மாடியிலோ முற்றத்திலோ கைப்பிடி சோறு வைத்து, ஐந்தடி தள்ளி அசையாமல் உட்கார்ந்து, அன்றைய உறுப்பை மட்டும் காக்காவிடம் பார்க்கட்டும்.

கடைசி நாளில் குழந்தையே காக்கா வரையட்டும். காக்கைக்கு விரல் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. கிளிக்கும் மரங்கொத்திக்கும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. படத்தில் எண்ணிக்கை தவறியிருந்தால் நீங்கள் அழித்துத் திருத்த வேண்டாம். படத்தையும் பென்சிலையும் அதன் கையில் கொடுத்து, மறுநாள் காலை மறுபடி சோறு வைக்க அழைத்துப் போங்கள்.