கை முந்திக்கொள்ளும் அப்பாவைப் பார்த்துக்கொள்வது எப்படி

அப்பா 31 வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். போன ஆடியில் நரம்பியல் மருத்துவர் மேஜையைத் தட்டிக் காட்டி, "நான் ஒரு தட்டு தட்டினா நீங்களும் ஒண்ணு தட்டணும். ரெண்டு தட்டினா சும்மா இருக்கணும்" என்றார். அப்பா அதை அப்படியே திருப்பிச் சொன்னார். ஆனால் இரண்டு தட்டு விழுந்தபோதெல்லாம் அவர் விரலும் தட்டிவிட்டது. வெளியே வந்ததும், "அவர் சொன்னது புரியுதும்மா. கை முந்திக்குது" என்றார்.

அந்தச் சோதனை கிளம்பிய கையை நிறுத்த முடிகிறதா என்று பார்ப்பது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. வயதாக ஆக அது பொதுவாகவே கொஞ்சம் தளரும். அப்பாவுக்கு வந்திருப்பது போன்ற லேசான அறிவாற்றல் குறைபாட்டில் இன்னும் கூடுதலாகத் தளரலாம். முதுமையில் வேண்டாததை மனதுக்குள் விடாமல் தடுப்பதே சிரமமாகிவிடுகிறது என்று லின் ஹாஷர், ரோஸ் ஜாக்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1988-இல் எழுதினார்கள்.

இதெல்லாம் தெரியாத காலத்தில் ஒரு கல்யாண வீட்டில் அப்பா என் நாத்தனாரிடம், "என்னம்மா இப்படிப் பெருத்துட்டே?" என்று கேட்டுவிட்டார். நான் பந்தியிலேயே அவரை அதட்டினேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அந்த இலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதட்டாதீர்கள். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டு, அப்புறம் அந்த உறவினரிடம் தனியாக விஷயத்தைச் சொல்லுங்கள். சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரையும் சில சளி மாத்திரைகளும் மூளையை மந்தமாக்கும். அப்பாவுக்கு ஒன்றை மருத்துவரே நிறுத்தினார். பி12, தைராய்டு, காது கேட்பது, தூக்கம் இவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் எனக்கு அதிகம் பலன் தந்தது, வாயால் தடுப்பதைக் குறைத்துப் பொருளை நகர்த்தியதுதான். சர்க்கரை உள்ளவர் முன்னால் மிக்சரையும் லட்டையும் வைத்துவிட்டு "தொடாதீங்க" என்றால், அந்த நிறுத்தும் வேலையைத் தளர்ந்துபோன இடத்திடமே கொடுக்கிறோம். டப்பாவை உள்ளே வைத்துவிட்டு, நறுக்கிய கொய்யாவைக் கையில் கொடுத்து "இதைச் சாப்பிடுங்கப்பா" என்கிறேன். எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்யலாம் என்று சொன்னால் சட்டென்று கேட்கிறார்.

ஆனால் அவர் தினமும் கைவைக்கும் பொருளை இடம் மாற்றாதீர்கள். அடுக்களையைச் சீராக்குகிறேன் என்று உப்பு டப்பா இருந்த இடத்தில் சர்க்கரையையும் சர்க்கரை இருந்த இடத்தில் உப்பையும் வைத்தேன். மூன்று நாள் காப்பியில் உப்பு விழுந்தது. மாற்றியது அவருக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. நாலாம் நாள் பழையபடியே வைத்துவிட்டேன்.

பேசும்போது டிவியை அணைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலுக்குப் பொறுத்திருங்கள். ரோட்டைக் கடக்கும்போது பேச்சே வேண்டாம். பேங்க் வேலை, கையெழுத்து எல்லாம் காலையில் முடிப்பது நல்லது; சாயங்காலம் அப்பா சோர்ந்துபோகிறார்.

ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குணம் மாறினால் அதை வயது என்று விட்டுவிடாதீர்கள். தொற்று, உப்புச்சத்துக் குறைவு, பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம்; அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஞாபகம் நன்றாக இருந்து, மாதக்கணக்கில் நடத்தை மட்டும் மாறிவந்தால் அதையும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்குக் காரணம் வேறு நோயாக இருக்கலாம்.

எனக்கு ரொம்பப் பயம் போன்தான். ஓடிபி கேட்டால் யோசிப்பதற்குள் சொல்லிவிடுவார். அதனால் போன் பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டினேன்: "மகளைக் கேட்டுச் சொல்றேன்." அதன் கீழே சைபர் மோசடி உதவி எண் 1930. தினமும் காலையில் வேறு எண்ணிலிருந்து நானே கூப்பிட்டு ஓடிபி கேட்டேன். ஒரு மாதம் விடாமல் இதைச் செய்தோம். இப்போது மணி அடித்ததும், போனை எடுக்கும் முன்பே அப்பாவின் கை அட்டைக்குப் போகிறது.