911-இலிருந்து கான்டினென்டல் ஜிடிக்கு: ஸ்போர்ட்ஸ் காரை விட்டு கிராண்ட் டூரருக்கு மாறுவது எப்படி?

போர்ஷே 911 வைத்திருந்தவர் பென்ட்லி கான்டினென்டல் ஜிடிக்கு மாறுவது பிரிட்டனில் புதிதல்ல. மாறிய சில மாதங்களிலேயே மறுபடி 911 தேட ஆரம்பிப்பவர்களும் உண்டு. கார் மோசம் என்பதால் அல்ல. மெத்தை வைத்துத் தைத்த 911 ஒன்று கிடைக்கும் என்று நினைத்துப் போய் வாங்கியதால்தான் அந்த ஏமாற்றம். ஜிடி, அதாவது கிராண்ட் டூரர், நெடுந்தூரம் சொகுசாகப் போவது என்ற வேறு வேலைக்காகச் செய்த கார். அந்த வேலை உங்களுக்கு இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே ஆரம்பிக்கிறது.

முதல்முறை மாற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விவரங்கள் எல்லாம் பிரிட்டனுக்கும் அங்கே விற்கும் செகண்ட் ஹேண்ட் கார்களுக்கும் பொருந்துபவை.

படி 1: எங்கே ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள்

கடந்த சில மாதங்களில் காரை எங்கெல்லாம் எடுத்துப் போனீர்கள்? ஞாயிறு விடியற்காலையில் கிளம்பி, வேல்ஸ் மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, வீட்டில் எல்லோரும் எழுவதற்குள் திரும்பிவிடுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் மேலே படிக்கவே வேண்டாம், 911-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கோ, கடல் தாண்டி பிரான்சுக்கோ துணையோடு போகிறவர், போய் இறங்கும்போது முதுகைப் பிடித்துக்கொள்கிறவர் என்றால், வாருங்கள் பேசலாம்.

ஜிடி எதற்கு என்று புரிய 1930-க்குப் போகலாம். அந்த ஆண்டு மார்ச்சில், அப்போது பென்ட்லியின் தலைவராக இருந்த வுல்ஃப் பர்னாட்டோ, பிரான்சின் தென்கடற்கரையில் கான் நகரிலிருந்து தன் ஸ்பீட் சிக்ஸ் காரில் புறப்பட்டார். 'புளூ டிரெய்ன்' எனப்பட்ட சொகுசு ரயில் கலே துறைமுகத்தை எட்டுவதற்குள் லண்டனில் உள்ள தன் கிளப்பில் இருப்பேன் என்று பந்தயம். நான்கு நிமிடம் மிச்சம் வைத்து ஜெயித்தார். அதில் வேகம் பாதிதான். இரவு முழுக்க மழையிலும் பனிமூட்டத்திலும் ஓட்டிவிட்டு, மறுநாள் கிளப்புக்குள் நடந்து போகிற நிலையில் ஆளைக் கொண்டுவந்து இறக்கியது மீதிப் பாதி. (பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டியதற்குப் பிரெஞ்சு அதிகாரிகள் அபராதம் போட்டார்கள். அது தனிக் கதை.)

படி 2: எந்தத் தலைமுறை, எந்த இன்ஜின்

கான்டினென்டல் ஜிடி 2003-இல் வந்தது. 1998-இல் பென்ட்லியை வாங்கிய ஃபோக்ஸ்வாகன் குழுமம், தன் ஃபேடன் காரின் அடித்தளத்தை எடுத்து, 6 லிட்டர் டபிள்யூ12 (12 சிலிண்டர்) இன்ஜினை வைத்து, குரூ ஊர்த் தொழிற்சாலையில் செய்த கார். எடை 2,385 கிலோ. 2011-இல் இரண்டாம் தலைமுறை. 2012-இல் 4 லிட்டர் வி8 (8 சிலிண்டர்) இன்ஜினும் சேர்ந்தது. மூன்றாம் தலைமுறை 2018-இல் வந்தது. 2024-இல் டபிள்யூ12 உற்பத்தி முடிவுக்கு வந்து, வி8 ஹைபிரிட் வைத்த நான்காம் தலைமுறை அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

911-இலிருந்து வருகிறவருக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்றுதான்: மூன்றாம் தலைமுறை, வி8. முந்தைய இரண்டிலும் கனமான இன்ஜின் முன் அச்சுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். வளைவில் மூக்கு வெளியே இழுப்பது முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவதன் அடித்தளத்தை உருவாக்கியது போர்ஷே. பனமேராவும் அதே குடும்பம்தான். முன் அச்சை 135 மி.மீ. முன்னால் தள்ளி வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தில் கார் வேறு காராகிவிட்டது. வி8-இன் எடை 2,165 கிலோ, டபிள்யூ12-ஐ விட ஏறக்குறைய 80 கிலோ குறைவு. குறைவது முன்பக்கத்தில் என்பதால் ஸ்டியரிங்கில் அதை உணரலாம். 550 குதிரைத்திறன் யாருக்கும் போதும். டபிள்யூ12-இன் ஓசையற்ற இழுவைக்கு ஒரு மயக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஸ்போர்ட்ஸ் காரே ஓட்டாதவருக்கு இன்னும் பொருத்தம்.

பென்ட்லி வேண்டாம் என்றால் ஆஸ்டன் மார்ட்டின் டிபி11-இன் வி8 இருக்கிறது. மெர்சிடீஸ்-ஏஎம்ஜி இன்ஜின், ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னும் நெருக்கமான சுபாவம். லெக்சஸ் எல்சி 500 ரிப்பேர் பயம் உள்ளவர்களுக்கு. டர்போ இல்லாத 5 லிட்டர் வி8-இன் சத்தத்துக்காகவே வாங்கலாம். ஆனால் டிக்கி சின்னது.

இந்த இரண்டு வகைக்கும் நடுவே போர்ஷேவே ஒருமுறை மாட்டிக்கொண்டது. 911-இன் இடத்தைப் பிடிக்கும் என்று நினைத்து, முன்பக்கம் வி8 வைத்த 928 என்ற ஜிடியை 1977-இல் கொண்டுவந்தது. 1978-இன் ஐரோப்பிய 'ஆண்டின் சிறந்த கார்' விருதும் அதற்குத்தான். 1995-இல் 928 நின்றுபோனது. 911 இன்னும் ஓடுகிறது.

படி 3: டெஸ்ட் டிரைவ், அதுவும் நீளமாக

ஷோரூமைச் சுற்றி இருபது நிமிடம் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. முடிந்தால் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்கி, மூன்று விதமான சாலையில் ஓட்டுங்கள்.

மோட்டார்வேயில் 110 கி.மீ. வேகத்தில் ஆடியோவை அணைத்துவிட்டு டயர் சத்தத்தைக் கவனியுங்கள். 911-இல் பின் டயர்களின் இரைச்சல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பழகிப்போனதால் உங்களுக்கு உறைத்திருக்காது. அப்புறம் மேடுபள்ளமான கிராமச் சாலை. அங்கே கம்ஃபர்ட் மோடிலிருந்து 'பி' என்று குறித்த மோடுக்கு மாற்றிப் பாருங்கள். கம்ஃபர்ட்டில் கார் மிதப்பது சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். மூன்றாவதாக, பல மாடி கார் நிறுத்தம். ஊர்ந்து போகும் வேகத்தில் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் தடுமாறுகிறதா, உதறுகிறதா என்று அங்கேதான் தெரியும்.

காரில் '48 வோல்ட் ஆன்டி-ரோல்' வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வளைவில் கார் சாய்வதை மின்மோட்டார் எதிர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு அது, 0.3 வினாடியில் 1,300 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தரும். வி8-இல் இது கூடுதல் காசு கொடுத்து வாங்குகிற வசதியாக இருந்தது. எனவே எல்லா வி8-இலும் இருக்காது. 911-இலிருந்து வருகிறவர் இதைத்தான் முதலில் தேட வேண்டும். மசாஜ் சீட், சுழலும் டிஸ்பிளே எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இன்னொன்று. உங்களோடு வழக்கமாகப் பயணிக்கிறவரைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் தீர்ப்பு ஓட்டுநருடையது. இங்கே பக்கத்து இருக்கைக்கும் வாக்கு உண்டு.

படி 4: வாங்குவதற்கு முன் சோதனை

பென்ட்லி தெரிந்த தனி மெக்கானிக்கிடம் பணம் கொடுத்துச் சோதியுங்கள். விற்கிறவரே ஏற்பாடு செய்யும் சோதனை வேண்டாம். அதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை சில.

ஏர் சஸ்பென்ஷன்தான் முதல் சந்தேகத்துக்குரிய இடம். இரவு முழுக்க நின்ற காரைக் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது. கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கடைசியில் அதுவும் போய்விடும். ஒரு செலவு இரண்டாகும்.

பழைய முதல் தலைமுறைக் காரை மலிவாகப் பார்த்து ஆசைப்பட்டால், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தண்ணீர் வடியும் துளைகளை இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கும். டபிள்யூ12 காரின் இன்ஜின் அறையில் கை வைக்க இடமே கிடையாது. சின்ன ரப்பர் குழாய் வெடித்தாலும் சில வேலைகளுக்கு இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கும். பழைய ஃபெராரி விலைக்கு இது எவ்வளவு மலிவு என்று யாராவது சொன்னால், அந்த மலிவுக்குக் காரணம் இதுதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் தலைமுறையின் முன் பிரேக் டிஸ்க் 420 மி.மீ. விட்டம். தேய்ந்திருந்தால் பில் கனமாக வரும். டயரில் பென்ட்லிக்கென்று 'பி' முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், உங்கள் போர்ஷே டயரில் 'என்' எழுத்து பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. நான்கு டயரும் ஒரே கம்பெனியாக இல்லையென்றால் முந்தைய உரிமையாளர் மற்ற இடங்களிலும் சிக்கனம் பிடித்திருப்பார்.

படி 5: பணக் கணக்கு

911 விலை மெதுவாக இறங்கும். கான்டினென்டல் ஜிடியின் விலை முதல் சில ஆண்டுகளில் மளமளவென்று சரியும். அதனால் புதிதாக வாங்க வேண்டாம், மூன்று நான்கு வயதான காரைப் பாருங்கள். உங்கள் 911-ஐ வசந்தத்தில் விற்றால் கேட்க ஆள் கூடுதல். கையால் கியர் போடும் 911 என்றால், இன்ஜினை வரம்பு மீறிச் சுற்றவிட்டதா என்று காட்டும் அறிக்கையைக் காரின் கணினியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் கட்டாயம் கேட்பார்.

சாலை வரியில் ஒரு நெளிவு சுளிவு உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல் பதிவான கார்களில், பட்டியல் விலை 40,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் இரண்டாம் ஆண்டு தொடங்கி ஐந்து ஆண்டுகள் கூடுதல் வரி. ஆறு ஆண்டு முடிந்த கார் வாங்கினால் அது கிடையாது. அதற்கு முந்தைய கார்களுக்கு கார்பன் அளவைப் பொறுத்து வரி. டபிள்யூ12 எல்லாம் உச்சப் பிரிவில்தான் விழும். ஆனால் 2006 மார்ச் 23-க்கு முன் பதிவானதென்றால் அதற்குக் கீழுள்ள 'கே' பிரிவோடு நின்றுவிடும். ஒரே மாதிரி இரண்டு கார், ஒன்று 2006 பிப்ரவரி, மற்றது ஏப்ரல் என்றால், வரியில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

வீட்டு வாசலையும் அளந்துவிடுங்கள். பிரிட்டனின் வழக்கமான கார் நிறுத்தும் கட்டம் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். இந்தக் காரின் நீளம் 4.85 மீட்டர்! பக்கக் கண்ணாடிகளோடு அகலம் ஏறக்குறைய 2.19 மீட்டர். கதவும் நீளமானது. சூப்பர் மார்க்கெட்டில் ஓரக் கட்டம் காலியா என்று தேடுவது உங்கள் புதுப் பழக்கமாகிவிடும்.

படி 6: கையையும் காலையும் மறுபடி பழக்குங்கள்

அதிகம் பேர் அலட்சியம் செய்வது இந்தப் படியைத்தான்.

992 தலைமுறை 911 கரேராவின் எடை 1,505 கிலோ. அதோடு ஒப்பிட்டால் ஜிடி வி8 ஏறக்குறைய 660 கிலோ கூடுதல். அதே வேகத்தில் வரும்போது பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலும் 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. டிஸ்க் பெரிது, நிற்கும். ஆனால் மலையிறக்கத்தில் 911 மாதிரி ஒவ்வொரு வளைவுக்கும் கடைசி நொடியில் மிதித்தால் சூடேறிவிடும். சீக்கிரமே தொடங்கி மெதுவாக அழுத்துங்கள்.

911-இல் இன்ஜின் பின்னால். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தபடியே போய், முன்பக்கத்துக்கு எடை கொடுப்பீர்கள். ஜிடியின் முன்பக்கத்தில் ஏற்கெனவே போதுமான எடை இருக்கிறது. அதே பழக்கத்தைக் காட்டினால் முன் டயர் கத்தும். பிரேக் வேலையை நேர்ச்சாலையிலேயே முடியுங்கள். ஸ்டியரிங்கை ஒரே தடவையாகத் திருப்பி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். வளைவின் பாதியில் ஆக்ஸிலரேட்டரைத் திறந்தால் நான்கு சக்கர இழுவை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கியரும் அப்படித்தான். கரேராவின் 450 நியூட்டன் மீட்டர் எங்கே, 2,000 சுற்றிலேயே 770 தரும் இந்த வி8 எங்கே! இன்ஜினைக் கதறவிட வேண்டியதில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பு கியரை விட்டுவிட்டு, ஆட்டோமேட்டிக்கில் போட்டு வலது காலால் மட்டும் ஓட்டிப் பழகுங்கள். ஆரம்பத்தில் சலிப்பாக இருக்கும்.

ஸ்டியரிங் வழியாகச் சாலை பேசுவதை மட்டும் இழப்பீர்கள். அதற்கு மாற்று கிடையாது, ஸ்போர்ட் மோடில் போட்டாலும் வராது. இதை மனதார ஏற்க முடியாதவர்கள்தான் திரும்பிப் போகிறவர்கள்.

படி 7: முதல் நீண்ட பயணம்

வாங்கியதும் ஊருக்குள் சுற்றி வெறுத்துப்போகாமல், நேராக ஒரு நீண்ட பயணம் போடுங்கள். ஃபோக்ஸ்டோனில் காரோடு ரயிலேறினால் 35 நிமிடத்தில் கலே பக்கம் வந்துவிடலாம். அங்கிருந்து ரேம்ஸ் வரை காலியான மோட்டார்வே. நகரத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், குவே கிராமத்தை ஒட்டிய சாலையில் பழைய ரேம்ஸ் பந்தயத் தடத்தின் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. பிரெஞ்சு மோட்டார்வேயில் வரம்பு 130 கி.மீ., மழையில் 110. டேங்க் 90 லிட்டர். நிதானமாகப் போனால் டீஜோன் வரைக்கும் பெட்ரோல் போட நிற்க வேண்டியதில்லை. பாரிஸுக்குள் போகிற எண்ணம் இருந்தால் 'கிரிட் ஏர்' என்ற மாசு அளவைக் காட்டும் ஸ்டிக்கர் தேவையா என்று பார்த்து, அதைக் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே வரவழைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கி 358 லிட்டர். 911-இன் முன்பக்கப் பெட்டி 132-தான். மென்மையான பைகளாக எடுத்துக்கொண்டால் இரண்டு பேரின் ஒரு வாரச் சாமானும் அடங்கும், பின்சீட்டும் இருக்கிறது. முழுச் சுமைக்கான டயர் காற்றழுத்தம் வேறு. கிளம்பும் அன்று காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.