ஃப்ரம்சாஃப்ட்வேர் வரலாற்றை விளையாடியே படிப்பது எப்படி: எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது, எதைத் தாண்டிப் போவது

ஃப்ரம்சாஃப்ட்வேரின் எல்டன் ரிங் கேமை முடித்த கையோடு "இந்த ஸ்டுடியோ இதற்கு முன்னால் என்னதான் செய்துகொண்டிருந்தது?" என்று தேடப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கிறது: 2009-ல் டீமன்ஸ் சோல்ஸ் வந்தது, 2011-ல் டார்க் சோல்ஸ் வந்தது, உலகமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் டோக்கியோவில் நவோதோஷி ஜின் இந்த நிறுவனத்தைத் தொடங்கியது 1986 நவம்பரில். முதலில் அலுவலகங்களுக்கான மென்பொருள்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், முதல் கேம் வந்ததே 1994 டிசம்பரில். அப்படிப் பார்த்தால் டீமன்ஸ் சோல்ஸுக்கு முன்னால் கேம் மட்டுமே செய்த வருடங்கள் 14 இருக்கின்றன, அதைத்தான் எல்லோரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

அந்த வருடங்களையும் சேர்த்துப் புரிந்துகொள்ள நல்ல வழி விளையாடிப் பார்ப்பதுதான். ஆனால் எல்லாவற்றையும் கடைசிவரை முடிக்கிறேன் என்று உட்கார்ந்தால் ஆயுசு போதாது. ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த கேமில் செத்தால் என்ன ஆகிறது? எதைப் பிடுங்கிக்கொள்கிறது, எதைத் திருப்பித் தருகிறது, செத்த இடத்துக்குத் திரும்ப எவ்வளவு தூரம் நடக்க வைக்கிறது? கிராஃபிக்ஸ், கதை, பாஸ் (பெரிய எதிரி) எண்ணிக்கை இதையெல்லாம்விட இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு கேமும் சொல்லும் பதிலில்தான் ஸ்டுடியோவின் வளர்ச்சி தெரிகிறது என்பது என் கட்சி. பெரும்பாலான கேம்களில் முதல் சில மணி நேரத்திலேயே பதில் கிடைத்துவிடும், ஏனென்றால் அதற்குள் நீங்கள் போதுமான அளவு செத்திருப்பீர்கள்.

சரி, வரிசை. வெளியான வரிசையில் 1994-லிருந்து போகாதீர்கள், முதல் படியிலேயே வெறுத்துப்போகும். எல்டன் ரிங்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போவதும் சரிப்படாது, ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு வசதி பறிபோவது போலவே இருக்கும். நடுவில் தொடங்குங்கள்: முதல் டார்க் சோல்ஸ். 2018-ல் வந்த ரீமாஸ்டர் பதிப்பு பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் கிடைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஓய்வெடுக்கும் நெருப்பான பான்ஃபயரும் மருந்து வைத்திருக்கும் எஸ்டஸ் குடுவையும். குடுவையில் எண்ணிச் சில மடக்குகள்தான் மருந்து, பான்ஃபயரில் உட்கார்ந்தால் மறுபடி நிரம்பும், கூடவே நீங்கள் கொன்ற எதிரிகளும் எழுந்து வந்துவிடுவார்கள். எதிரிகளைக் கொன்று சேர்த்த சோல்கள் (இந்த கேமின் பணம்) செத்தால் செத்த இடத்தில் கிடக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம், போகிற வழியில் மறுபடி செத்தால் அவ்வளவுதான். தண்டனை கடுமைதான், ஆனால் கணக்கு சுத்தம். மருந்து தீர்ந்துவிட்டதே என்று எங்கேயோ போய்ச் சேகரிக்க வேண்டியதில்லை.

குறைந்தது அன்டெட் பாரிஷ் என்ற பகுதி வரையாவது போங்கள். கேமின் மைய இடமான ஃபயர்லிங்க் ஷ்ரைனில் கிளம்பி, மேலே ஏறி, கோட்டை மதில்களைத் தாண்டி, கோபுரத்து மேல் டாரஸ் டீமனை முடித்து, டிராகன் நெருப்பு ஊதும் பாலத்தைக் கடந்து, தேவாலயத்துக்குள் நுழைந்து, எங்கேயோ கண்காணாத தூரத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு லிஃப்ட் கண்ணில் படும். ஏறினால் அது பாட்டுக்குக் கீழே இறங்கி, கிளம்பின அதே ஃபயர்லிங்க்கில் கொண்டுபோய் விடும். ஒரு அம்புக்குறி கிடையாது, ஒரு வாழ்த்துச் செய்தி கிடையாது. இந்த ஸ்டுடியோ கொடுக்கும் பரிசு எப்படிப்பட்டது என்பதற்கு அந்த லிஃப்ட்தான் சாட்சி: நடையைக் குறைக்கிறது. ஆனோர் லோண்டோ என்ற நகரத்துக்குப் பிறகு கேமின் தரம் இறங்குகிறது, லாஸ்ட் இசாலித் என்ற பகுதி அரைவேக்காடு. அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்ததுக்குப் போனாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

அடுத்தது ஒரு படி பின்னால், டீமன்ஸ் சோல்ஸ். பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தால் அசல், இல்லையென்றால் 2020-ல் ப்ளூபாயின்ட் ஸ்டுடியோ பிளேஸ்டேஷன் 5-க்குச் செய்த ரீமேக். நம்முடைய ஆராய்ச்சிக்கு ரீமேக்கே போதும், தோற்றம் மாறினாலும் விதிகள் பெரும்பாலும் பழையவைதான். அசல் கேமின் ஆன்லைன் சர்வர்கள் 2018 பிப்ரவரியோடு மூடப்பட்டுவிட்டன.

இதை உருவாக்கிய ஹிதேதகா மியாசாகியின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு விளையாடுங்கள். ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், நண்பர் ஒருவர் சொல்லி ஐகோ என்ற கேமை விளையாடிப் பார்த்துவிட்டுத் தொழிலையே மாற்றிக்கொண்டார். 2004-ல் ஃப்ரம்சாஃப்ட்வேரில் சேர்ந்தபோது வயது 29. ஆர்மர்ட் கோர் என்ற ரோபோ கேம்களில் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு, தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு ஃபேன்டசி கேம் பற்றித் தெரியவருகிறது. ஏற்கெனவே தோற்றதாக எல்லோரும் நினைக்கிற ஒன்றைக் கையில் எடுத்தால் தன் இஷ்டத்துக்கு மாற்றலாம், அப்படியும் தோற்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டார். சோனியின் ஷுஹெய் யோஷிடா கிட்டத்தட்ட முடிந்த கேமை இரண்டு மணி நேரம் போல விளையாடிப் பார்த்து, ஆரம்பத்தையே தாண்ட முடியாமல், இது மோசமான கேம் என்று முடிவுகட்டினார். அதனால் சோனி ஜப்பானிலும் ஆசியாவிலும் மட்டும் வெளியிட்டது, அமெரிக்காவில் அட்லஸும் ஐரோப்பாவில் பண்டாய் நாம்கோவும் வெளியிட்டன.

யோஷிடாவின் எரிச்சலுக்குக் காரணம் நம் கேள்வியிலேயே இருக்கிறது. டீமன்ஸ் சோல்ஸில் செத்தால் ஆவி வடிவம், ஹெல்த் பாதியாகிவிடும். நடுவழியில் பான்ஃபயர் போல ஒன்று கிடையாது, நீங்களே திறந்துவைத்த குறுக்குவழிகள்தான் துணை. இதற்கெல்லாம் மேல், உடலோடு இருக்கும்போது செத்தால் அந்த உலகம் கொஞ்சம் கறுத்துப்போகும், எதிரிகளின் பலம் கூடும். அதாவது தடுமாறுகிறவனுக்குத்தான் கேம் இன்னும் கடினமாகிறது! மருந்து மட்டும் தாராளம்: புல் வகைகளை ஏராளமாகச் சேர்த்து மென்றுகொண்டே போகலாம். இரண்டு வருடம் கழித்து டார்க் சோல்ஸில் இவற்றில் எதை வைத்துக்கொண்டார்கள், எதைத் தூக்கியெறிந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பேட்டியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

அப்புறம் இன்னும் பின்னால் போக வேண்டும், அந்த 1994 கேம்: கிங்ஸ் ஃபீல்ட். இங்கே ஒரு எண் குழப்பம் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். முதல் பாகம் அப்போது ஜப்பானைத் தாண்டி வரவில்லை. 1995-ல் வந்த இரண்டாம் பாகம்தான் வெளிநாடுகளில் வெறும் கிங்ஸ் ஃபீல்ட் என்ற பெயரில் விற்கப்பட்டது. எனவே யாராவது "கிங்ஸ் ஃபீல்ட் 2" என்று பேசினால் எந்த நாட்டு எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாம் பாகம் தீவுக் கரை ஒன்றில் தொடங்குகிறது. பாத்திரத்தின் கண் வழியே பார்க்கும் கோணத்தில், ஆமை வேகத்தில், நீங்கள் நாலு அடி தப்பாக எடுத்து வைத்துக் கடலில் விழுந்தால் முடிந்தது கதை. சோல் எடுக்கப் போவதெல்லாம் கிடையாது, கடைசியாக சேவ் செய்த இடம்தான். தலையைத் தூக்கிப் பார்க்கவே தனிப் பொத்தான்கள். இதைக் கடைசிவரை விளையாடச் சொல்லமாட்டேன், யாராவது விளையாடும் வீடியோவைப் பார்த்தாலும் குற்றமில்லை. ஆனால் திரையில் ஒரு அளவுக்கோட்டை மட்டும் கவனியுங்கள்: வாளை ஒருமுறை வீசினால் அது காலியாகி மெதுவாக நிரம்பும், நிரம்புவதற்குள் மறுபடி வீசினால் அடியில் பலம் இருக்காது. பொறுமையில்லாமல் பொத்தானைத் தட்டுகிறவனைத் தண்டிப்பது 2009-ல் கண்டுபிடித்தது அல்ல, பிளேஸ்டேஷன் ஜப்பானில் வந்த அதே மாதத்திலிருந்தே இந்த வீட்டு வழக்கம். நிலா வெளிச்ச வாளும் இங்கேதான் பிறந்தது. டார்க் சோல்ஸில் சீத் என்ற டிராகனின் வாலை வெட்டினால் கிடைப்பதும், எல்டன் ரிங்கில் ரன்னி என்ற பாத்திரத்தின் கதையைக் கடைசிவரை தொடர்ந்தால் கிடைப்பதும் அதன் வாரிசுகள்தான்.

இந்த இடத்தில் பலர் ஒரு பெரிய ஓட்டையை விடுகிறார்கள்: ரோபோக்கள். 1997-ல் தொடங்கிய ஆர்மர்ட் கோர் வரிசைதான் பல வருடங்கள் இந்த ஸ்டுடியோவுக்குச் சோறு போட்டது. கை, கால், எஞ்சின், துப்பாக்கி என்று பாகம் பாகமாகப் பூட்டி, எடைக்கணக்குப் பார்த்து, கூலிப்படை வேலைக்குப் போய்வர வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு கணக்குச் சீட்டு வரும்: கூலி இவ்வளவு, அதில் சுட்ட குண்டுக்கு இவ்வளவு கழிவு, பழுது பார்த்ததற்கு இவ்வளவு கழிவு. ஜெயித்தும் கடனாளியாகலாம்.

நம் கேள்விக்கு முதல் ஆர்மர்ட் கோர் சொல்லும் பதில் இருக்கிறதே, அதை மிஞ்ச ஆள் கிடையாது. கடன் 50,000-ஐத் தாண்டினால் உங்களை ஒரு மனிதச் சோதனைக்கு விற்றுவிடுவார்கள், கேம் முதலிலிருந்து தொடங்கும், ஆனால் இப்போது உங்களுக்குக் கூடுதல் திறன்கள் இருக்கும். தோற்றுக்கொண்டே இருந்தால் கேம் இரக்கப்படுகிறது, அந்த இரக்கத்தையே ஒரு கொடுமையாகச் சொல்லிக்காட்டுகிறது. பிற்பாடு மியாசாகி செய்தவற்றின் வாசனை அவர் வருவதற்கு 7 வருடம் முன்பே இங்கே அடிக்கிறது.

2000-களின் மற்ற கேம்கள், எவர்கிரேஸ், ஓட்டோகி, லாஸ்ட் கிங்டம்ஸ், குவோன், இவற்றையெல்லாம் நேரம் இருந்தால் பார்க்கலாம். ஒன்று மட்டும் சிரிப்புக்காக: மெட்டல் வுல்ஃப் கேயாஸ். அமெரிக்க ஜனாதிபதி ரோபோ கவசம் மாட்டிக்கொண்டு, ஆட்சியைப் பிடித்த துணை ஜனாதிபதியோடு சண்டை போடுகிறார். 2004-ல் ஜப்பானில் மட்டும் வந்தது, 2019-ல் டெவால்வர் டிஜிட்டல் மறுபடி வெளியிட்டதால் இப்போது எளிதாகக் கிடைக்கிறது.

இனி முன்னோக்கி. 2014-ல் காடோகாவா நிறுவனம் ஃப்ரம்சாஃப்ட்வேரை வாங்கியது, அதே வருடம் மே மாதம் மியாசாகி தலைவரானார், சேர்ந்து 10 வருடத்தில். அந்த வருடம் வந்த டார்க் சோல்ஸ் 2-ஐ இயக்கியவர்கள் வேறு இருவர், அதை விளையாடினால் தெரியும்: சாகச் சாக அதிகபட்ச ஹெல்த் தேய்ந்துகொண்டே வந்து பாதியில் நிற்கும், டீமன்ஸ் சோல்ஸின் பழைய குணம். 2015-ன் ப்ளட்போர்ன் பிளேஸ்டேஷனில் மட்டும்தான். அடி வாங்கிய உடனே திருப்பி அடித்தால் இழந்த ஹெல்த்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும் என்பது அருமையான யோசனை, ஆனால் மருந்தான ரத்தக் குப்பிகள் தீர்ந்தால் போய்ச் சேகரிக்க வேண்டும் என்பது பின்னால் எடுத்து வைத்த அடி. ஒரு பாஸிடம் மாட்டிக்கொண்டு குப்பிக்காக அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2019-ன் செகிரோவில் செத்த இடத்திலேயே எழுந்து சண்டையைத் தொடரலாம், அதற்கு விலையாக நீங்கள் சாகச் சாக உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருமத் தொடங்குவார்கள். குற்றவுணர்ச்சியைக்கூட ஒரு விதியாக்கிவிட்டார்கள்.

இவ்வளவும் பார்த்தபின் எல்டன் ரிங்கை ஒரு புது ஆட்டமாகத் தொடங்குங்கள். கடினமான பாஸ்களுக்குப் பக்கத்தில் மரிகாவின் சிலை நிற்கும், செத்தால் அங்கேயே எழலாம், நடையே இல்லை. முடியவில்லையா, குதிரையில் ஏறி வேறு பக்கம் போகலாம், ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம். பாஸ்களின் அடி குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. குறைந்திருப்பது சாவுக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவில் இருந்த அலைச்சல். 2022 பிப்ரவரியில் வந்து மூன்று வாரத்துக்குள் 1.2 கோடி பிரதிகள் போனதற்கு நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பெயரும் திறந்த உலகமும் காரணம்தான், ஆனால் வாங்கியவர்கள் பாதியில் ஓடாமல் இருந்ததற்கு இதுவே முதல் காரணம் என்பேன்.

போகிற போக்கில், ஒவ்வொரு கேமும் தொடங்கும்போது வரும் லோகோக்களைத் தாண்டிவிடாமல் பாருங்கள், வியாபார வரலாறு முழுக்க அதில் இருக்கிறது: சோனி, அட்லஸ், பண்டாய் நாம்கோ, செகிரோவுக்கு ஆக்டிவிஷன். ஜப்பானில் டார்க் சோல்ஸ் முதலே பெரும்பாலும் சொந்த வெளியீடு. டீமன்ஸ் சோல்ஸை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளியிட மறுத்த அதே சோனி 2022 ஆகஸ்ட்டில் ஃப்ரம்சாஃப்ட்வேரில் 14.09 சதவீதப் பங்கை வாங்கியது, சீன நிறுவனமான டென்சென்ட்டின் கிளை நிறுவனம் 16.25 சதவீதம், மீதி காடோகாவா கையில்.

கடைசியாக 2023-ன் ஆர்மர்ட் கோர் 6. இதை முதல் ஆர்மர்ட் கோருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நடுவில் செத்தால் செக்பாயின்டிலிருந்து தொடரலாம், அங்கேயே பாகங்களை மாற்றிப் பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். எல்டன் ரிங்கின் விரிவாக்கமான ஷாடோ ஆஃப் தி எர்ட்ட்ரீயையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் புது ஆட்டத்தில் ரடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் முடித்த சேவ் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு பேரைக் கொல்லாமல் அதற்குள் போகவே முடியாது.