திரையில் மாற்றிய குர்த்தாவைக் காகிதப் பேட்டர்னில் கொண்டுவருவது எப்படி?

தைப்பூசக் காவடிக்கு மஞ்சள் குர்த்தா தைக்க தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து கிரே ஸ்ட்ரீட்டில் துணி எடுத்தாயிற்று. உடையைத் திரையில் பொம்மைக்கு அணிவித்துக் காட்டும் க்ளோ 3டி போன்ற மென்பொருளில் போட்டுப் பார்த்து, மார்பில் 4 செ.மீ., நீளத்தில் 5 செ.மீ. கூட்டுவது என்றும் முடிவு செய்தாயிற்று. ஆனால் கையில் இருப்பது பழைய அளவில் அச்சிட வேண்டிய பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான வரைபடம்தான். சரி, அதைத் திருத்துவோம்.

முதலில் அச்சு. 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடுங்கள். தாளில் உள்ள சோதனைச் சதுரம் அதில் குறித்த அளவில் இருக்கிறதா என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். அது சரியில்லை என்றால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

அடுத்து மார்பு. முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் பாதிதான் வரைந்திருக்கும். துணியை மடித்து வெட்டுவதால் மொத்தம் நான்கு பக்க ஓரங்கள். அதனால் ஒவ்வொரு ஓரத்திலும் 1 செ.மீ. போதும். காகிதத்தில் 4 செ.மீ. கூட்டினால் குர்த்தா 16 செ.மீ. பெருத்துவிடும்!

நீளத்தை எங்கே கூட்டினீர்கள் என்று திரையில் பாருங்கள். கீழ் விளிம்பில் என்றால் அங்கேயே ஒட்டலாம். இடுப்பே கீழே இறங்கியிருந்தால், கைக்குழிக்கும் இடுப்புக்கும் நடுவில் குறுக்காக வெட்டி, 5 செ.மீ. காகிதப் பட்டை வையுங்கள். நடுக்கோடு நேராக இருக்கட்டும். பட்டை வைத்த இடத்தில் பக்க ஓரக் கோடு விலகி நிற்பதை வளைவாக வரைந்து சரிசெய்யுங்கள். பின்பக்கத்துக்கும் இதேதான்.

பலரும் மறப்பது குர்த்தாவின் கையை. பக்க ஓரம் வெளியே நகர்ந்ததும் கைக்குழி பெரிதாகிவிட்டது, கை பழைய அளவிலேயே நிற்கிறது. கையின் அக்குள் முனைகள் இரண்டையும் 1 செ.மீ. வெளியே தள்ளி, மணிக்கட்டுக்கு வரும்போது பழைய கோட்டில் சேருங்கள். அப்புறம் டேப்பை விளிம்பில் நிற்கவைத்து, முன், பின் கைக்குழி வளைவுகளையும் கையின் மேல் வளைவையும் அளந்து ஒப்பிடுங்கள். வெட்டும் கோட்டில் அளக்காதீர்கள்; தையல் விழும் கோட்டில் அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். குர்த்தாவுக்கு மேல் வளைவு ஒரு செ.மீ. வரை நீளமாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் தோளில் சுருக்கம் விழும். கையும் கைக்குழியும் சேர வேண்டிய இடங்களைக் காட்டும் பொருத்துக் குறிகளையும் புதிதாகப் போடுங்கள்.

நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் பழைய பெட்ஷீட்டில் வெட்டி, ஓட்டுத் தையல் போட்டு அணிந்து பாருங்கள். திரையில் பொம்மை கையைத் தொங்கவிட்டே நிற்கும். காவடி தூக்குபவருக்கு அது உதவாது. இரண்டு கையையும் உயர்த்துங்கள். குர்த்தா முழுவதும் கூடவே மேலே ஏறினால் கைக்குழி அளவுக்கு மீறி ஆழமாக இருக்கிறது; அக்குளில் ஒரு செ.மீ. மேலே ஏற்றி வரைந்து, கையையும் மறுபடி அளந்து திருத்துங்கள்.